பட்டியல் கையில் இருக்கட்டும்: சிஸ்டம் மாற்றப் பழகும் பிள்ளைகளுக்கு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு நின்றது. அதிலிருந்து புதுச்சேரியில் சர்வீஸ் வேலை பார்க்கிறவர்களிடம் ஒரே கோரிக்கைதான் திரும்பத் திரும்ப வருகிறது: "பழைய சிஸ்டத்தில் என்னென்ன இருந்ததோ, அத்தனையும் புதுசில் வேண்டும்." சிலர் புது விண்டோஸ் வாங்குகிறார்கள். சிலர் நல்ல நிலையில் இருக்கும் பழைய பெட்டியிலேயே லினக்ஸ் போட்டுத் தரச் சொல்கிறார்கள். காலாப்பட்டுப் பல்கலைக்கழக மாணவன், நேரு வீதிக் கடைக்காரர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை என்று ஆள் மாறினாலும் கேட்பது ஒன்றுதான். இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வரும் தம்பி தங்கைகளுக்கு, நாற்காலியில் உட்காருவதற்கு முன் சொல்ல வேண்டியவற்றை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

1. சாஃப்ட்வேரைத் தூக்காதே, பட்டியலைத் தூக்கு.

புதிதாக வருகிறவன் முதலில் செய்யப் பார்ப்பது, பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து புரோகிராம் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுப்பது. அது ஓடாது. ஒரு சாஃப்ட்வேர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. லினக்ஸ் வகைகளான டெபியனிலோ உபுண்டுவிலோ டெர்மினலைத் திறந்து 'டிபிகேஜி' கமாண்டோடு பெரிய எல் எழுத்தைச் சேர்த்து ஜிம்ப் என்று கொடுத்துப் பார். அந்தப் படம் திருத்தும் சாஃப்ட்வேருக்காக டிஸ்க்கில் எங்கெங்கே எந்தெந்தக் கோப்பு இறங்கியிருக்கிறது என்று பக்கம் பக்கமாக ஓடும். விண்டோஸில் இதே சிதறல் ரெஜிஸ்ட்ரிக்குள்ளும் போயிருக்கும். இதையெல்லாம் கணக்கு வைத்திருப்பது பேக்கேஜ் மேனேஜர். அதனிடம் பெயரைச் சொன்னால் போதும். புது சிஸ்டத்துக்குப் பொருத்தமானதைக் கொண்டுவந்து, உரிய இடங்களில் அதுவே வைத்துக்கொள்ளும். ஆகவே நீ கொண்டுபோக வேண்டியது பெயர்களை. அது சில கிலோபைட் அளவே உள்ள ஓர் உரைக்கோப்பு.

2. முதலில் மூன்றாகப் பிரி.

சாஃப்ட்வேர் ஒன்று, அதன் அமைப்புகள் ஒன்று, அதை வைத்து அந்த மனிதர் செய்துவைத்திருக்கும் வேலை ஒன்று. முதலாவதை இணையத்திலிருந்து புதிதாக இறக்கு. இரண்டாவதைப் பார்த்துப் பொறுக்கி எடு. மூன்றாவதை ஒரு பைட் விடாமல் காப்பி எடுத்து, காப்பி சரியாக வந்திருக்கிறதா என்று திறந்தும் பார். முதலாவது தொலைந்தால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். மூன்றாவது தொலைந்தால் அதை உலகத்தில் எந்தச் சர்வரும் திருப்பித் தராது. எதற்கு எவ்வளவு நேரம் செலவழிப்பது என்பதை இந்தக் கணக்கிலிருந்து முடிவு செய்.

3. கேட்டுப் போட்டதை மட்டும் எழுது.

பட்டியல் எடுக்க இரண்டு வழி உண்டு. டிபிகேஜியிடம் 'கெட்-செலக்‌ஷன்ஸ்' கேட்டால் சிஸ்டத்தில் இருக்கும் ஒவ்வொரு பேக்கேஜையும் கொட்டும். ஆயிரக்கணக்கில் வரி வரும். 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' என்று கேட்டால், ஒருவர் கேட்டுப் போட்டவையும் இன்ஸ்டாலர் நேரடியாகப் போட்டவையும் மட்டும் வரும். அவற்றுக்குத் துணையாக இறங்கிய லைப்ரரிகள் வராது. எப்போதும் இரண்டாவதையே எடு.

காரணம் சொல்கிறேன். 2038-ஆம் ஆண்டில் 32 பிட் நேரக்கணக்கு நிரம்பிவிடும் என்ற சிக்கலுக்கு முன்கூட்டியே வழி செய்ய, 2025 ஆகஸ்டு 9-இல் வந்த டெபியன் 13-இல் ஏராளமான லைப்ரரிகளின் பெயர் மாறியது. 'லிப்எஸ்எஸ்எல்3' என்று இருந்தது 'லிப்எஸ்எஸ்எல்3டி64' ஆனது. உபுண்டு 24.04-இலும் இதே மாற்றம் நடந்தது. பழைய சிஸ்டத்தின் முழுப் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தால், இல்லாத பெயர்களைக் கேட்டுத் தடுமாறி நிற்கும். லிப்ரெஆஃபீஸ் வேண்டும் என்று மட்டும் கேட்டால், இன்றைக்கு அதற்கு எந்தெந்த லைப்ரரி தேவை என்பதைப் பேக்கேஜ் மேனேஜரான ஆப்ட் பார்த்துக்கொள்ளும்.

4. பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே பட்டியலை எடுத்து வை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் வீட்டுக்குள் தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டாய். தரையில் வைத்த சிபியு தண்ணீரில் ஊறிய பிறகு, அதில் என்ன இருந்தது என்று யாரைக் கேட்பாய்? ஹார்ட் டிஸ்க்கைக் காய வைத்துத் தரவை மீட்கச் சிலசமயம் வழி உண்டு. ஆனால் அதற்கு ஆகும் செலவையும் நாளையும் பார்த்தால், ஐப்பசி பிறக்கும் முன்பே பட்டியல் எடுத்து மின்னஞ்சலில் ஒரு பிரதியும் பென் டிரைவில் ஒரு பிரதியும் வைத்துக்கொள்வது ஒன்றுமே இல்லாத வேலை. வாடிக்கையாளர் வேறு ஏதோ பழுதுக்காக வந்தாலும், போகும்போது இதையும் எடுத்துக் கொடுத்து அனுப்பு.

5. பெயர் மட்டும் போதாது, ஊரும் வேண்டும்.

டெபியன் 13-இன் களஞ்சியத்தில் 69,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இருக்கின்றன. அப்படியும் அதில் இல்லாதவற்றுக்காகச் சிலர் வெளிக் களஞ்சியங்களைச் சேர்த்திருப்பார்கள். குரோம், பிரிண்டர் டிரைவர், ஏதாவது நிறுவனத்தின் மீட்டிங் ஆப் என்று. 'ஈடிசி'-க்குள் 'ஆப்ட்', அதற்குள் 'சோர்சஸ்.லிஸ்ட்.டி' என்ற ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொரு கோப்பையும் படி. ஆனால் அப்படியே காப்பி எடுக்காதே. அதில் பழைய பதிப்பின் பெயர், 'புக்வோர்ம்' என்றோ 'ஜாம்மி' என்றோ எழுதியிருக்கும். புதுசுக்கு அது பொருந்தாது. கையெழுத்துச் சாவியையும் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து புதிதாக எடு. 'ஆப்ட்-கீ' கமாண்டால் சாவி சேர்க்கும் பழைய வழி இப்போதைய டெபியனில் கிடையாது. எந்தக் கட்டுரையாவது அதைப் போடச் சொன்னால், அது பழைய கட்டுரை என்று தெரிந்துகொள்.

யார் வைத்தது என்று தெரியாத களஞ்சியம் ஒன்று அங்கே இருந்தால் அதை விட்டுவிட்டு வா. அதைச் சேர்ப்பது என்பது, அந்த முகம் தெரியாத ஆளுக்கு நிர்வாகி அதிகாரத்தோடு உன் வாடிக்கையாளரின் சிஸ்டத்தில் எதையும் போட உரிமை கொடுப்பது.

6. பேக்கேஜ் மேனேஜர் ஒன்றோடு நின்றுவிடாது.

ஆப்ட் பட்டியலில் ஃபிளாட்பேக், ஸ்னாப் வழியாக வந்தவை இருக்காது. அவற்றுக்குத் தனித்தனியே 'லிஸ்ட்' கேட்டு எழுது. மாணவர்களின் லேப்டாப் என்றால் பைத்தானின் 'பிப்', ஜாவாஸ்கிரிப்ட்டின் 'என்பிஎம்' இரண்டும் இருக்கும். பைத்தான் விர்ச்சுவல் என்விரான்மென்ட் ஃபோல்டரைக் காப்பி எடுத்துப் புது இடத்தில் வைத்தால் வேலை செய்யாது. அதற்குள் பழைய இடத்தின் முழு முகவரி பதிந்திருக்கும். 'பிப் ஃப்ரீஸ்' கொடுத்துப் பட்டியலாக்கி, புதுசில் மறுபடி உருவாக்கு. டெபியன் 12 முதல், சிஸ்டத்தின் பைத்தானுக்குள் பிப் நேரடியாக எதையும் போடவிடாமல் தடுக்கும். அதை மீறும் வழியைத் தேடாதே. உன் நன்மைக்காகத்தான் தடுக்கிறது.

7. விண்டோஸுக்கும் மேக்குக்கும் இதே வழிதான்.

லினக்ஸ்காரர்களுக்கு 1990-களிலேயே பழகிய வசதி, விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்டின் சொந்தக் கருவியாக வந்தது வெகு தாமதமாகத்தான். 'விங்கெட்' 1.0 வந்தது 2021-இல். பழைய சிஸ்டத்தில் 'விங்கெட் எக்ஸ்போர்ட்' கொடுத்தால் ஒரு ஜேசான் கோப்பு வரும். புதுசில் 'விங்கெட் இம்போர்ட்' அதைப் படித்து ஒவ்வொன்றாக இறக்கும். எக்ஸ்போர்ட் ஓடும்போது, இன்னின்ன சாஃப்ட்வேர் எந்தக் களஞ்சியத்திலும் கிடைக்கவில்லை என்று திரையில் சில வரிகள் வரும். பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. நீ அதைத்தான் முதலில் காப்பி எடுக்க வேண்டும். கையால் செய்யவேண்டிய வேலையின் பட்டியல் அதுதான்.

மேக்கில் ஹோம்புரூ இருந்தால் 'புரூ பண்டில் டம்ப்' ஒரு கோப்பு எழுதித் தரும். 2020 முதல் வந்த ஆப்பிள் சிப் மேக்கில் ஹோம்புரூ உட்காரும் இடம், பழைய இன்டெல் மேக்கில் இருந்த இடம் அல்ல. ஃபோல்டரோடு தூக்கிவந்தால் வம்பு. பட்டியலாக வந்தால் பிரச்சினை இல்லை.

8. பட்டியலை உரிமையாளரோடு உட்கார்ந்து படி.

இதை யாரும் செய்வதில்லை. வேலையில் பாதி இதுதான். பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொரு வரியாகக் கேள்: "ஐயா, இது எதுக்கு? யாரு போட்டது?" அவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது என்றால் அடித்துவிடு. தேவைப்பட்டால் ஒரு கமாண்டில் பிறகு வந்துவிடும். 'லினக்ஸ்-இமேஜ்' என்று தொடங்கும் வரிகளையும் பழைய கிராபிக்ஸ் டிரைவரையும் கேட்காமலே அடி. அவை பழைய பெட்டியின் பதிப்புக்கும் வன்பொருளுக்கும் உரியவை. பழையது இன்டெல், புதியது ஏஎம்டி என்றால் 'இன்டெல்-மைக்ரோகோட்' வரிக்கும் அங்கே வேலை இல்லை.

9. இந்த ஊரில் எழுத்தையும் விசைப்பலகையையும் தனியாகக் கேள்.

மற்ற ஊர்களைவிட இங்கே இது பெரிய சங்கதி. புதுச்சேரி ஆட்சிப்பகுதி நான்கு துண்டு. இங்கும் காரைக்காலிலும் தமிழ், மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. அலுவலகங்களோடு தொடர்புள்ளவர் சிஸ்டத்தில் மூன்று மொழிக் கோப்பும் வந்து கிடக்கும். 'ஃபான்ட்ஸ்-டாம்ல்', 'ஃபான்ட்ஸ்-எஸ்எம்சி', 'ஃபான்ட்ஸ்-டெலு' என்று டெபியனில் பேக்கேஜ்களாகவே இருக்கின்றன. பட்டியலில் சேர்த்துவிட்டால் முடிந்தது.

இவை தவிர பிரெஞ்சு. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த 'சொல்தா' குடும்பங்களில் இன்றும் ஓய்வூதியக் கடிதமும் ஆயுள் சான்றும் பிரெஞ்சில்தான் வந்து போகின்றன. அந்த வீட்டுப் பாட்டி தன் மகனுக்குப் பாரிசுக்கு எழுதும் கடிதத்தில் பிழை திருத்த 'ஹன்ஸ்பெல்-எஃப்ஆர்' வேண்டும். அது பட்டியலில் வரும். ஆனால் அவர் விரல் பழகிய அஸெர்டி விசைப்பலகை பட்டியலில் வராது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 தளவமைப்பும் அப்படித்தான். லினக்ஸில் இரண்டும் ஏற்கெனவே உள்ளே இருப்பவை. அவற்றைத் தேர்ந்தெடுத்து வைத்தது மட்டுமே அந்த மனிதரின் அமைப்பு. பேக்கேஜ் மேனேஜருக்கு அது தெரியாது. கேட்டுத்தான் எழுத வேண்டும். மறந்தால், புது சிஸ்டத்தில் ஏ அடித்தால் க்யூ வருகிறது என்று மறுநாள் காலை போன் வரும்.

டிடிபி வேலை செய்தவர்களிடம் இன்னும் கவனமாக இரு. யூனிகோடுக்கு முந்தைய பாமினி மாதிரியான எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகையும் கோயில் மலரும் ஃபோல்டர் ஃபோல்டராக வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத சிஸ்டத்தில் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கலைந்து தெரியும். இந்த எழுத்துருக்கள் களஞ்சியத்தில் கிடைக்காது. பழைய பெட்டியில் வீட்டு ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் 'லோக்கல்' ஃபோல்டர், 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டர் இரண்டையும், விண்டோஸ் என்றால் அதன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் பார்த்து எடுத்து வை.

10. 'ஈடிசி' ஃபோல்டரை மொத்தமாகத் தூக்கிப் போடாதே.

அமைப்புகள் எல்லாம் அங்கேதானே இருக்கின்றன என்று ஆசை வரும். அதில் 'எஃப்எஸ்டேப்' என்ற கோப்பில் பழைய டிஸ்க்கின் அடையாள எண் இருக்கிறது. அதைப் புதுசில் போட்டால், இல்லாத டிஸ்க்கைத் தேடிக்கொண்டு சிஸ்டம் பூட் ஆகாமல் நிற்கும். 'மெஷின்-ஐடி' ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக இருக்க வேண்டியது. மாற்றியவற்றை மட்டும் எடு: ஹோஸ்ட்ஸ் கோப்பு, பிரிண்டர் அமைப்பு, சர்வர் என்றால் அதன் கான்ஃபிக். வீட்டு ஃபோல்டரிலிருந்து 'கான்ஃபிக்' வரட்டும், ஃபயர்ஃபாக்ஸ் புரொஃபைல் வரட்டும். 'கேஷ்' வேண்டாம்.

11. முதலில் ஒத்திகை, பிறகு கரன்ட், பிறகுதான் எண்டர்.

'ஆப்ட்-கெட்' கமாண்டோடு சின்ன எஸ் சேர்த்தால், எதையும் போடாமல் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும். அதில் 'நீக்கப்படும்' என்ற தலைப்பின் கீழ் ஏதாவது பெயர் இருந்தால் நிறுத்து. நீ கேட்ட ஒன்று இருப்பதில் ஒன்றோடு மோதுகிறது. எது மோதுகிறது என்று பார்த்துச் சரிசெய்.

யூபிஎஸ் இல்லாமல் பெரிய பட்டியலைத் தொடங்காதே. பாதியில் கரன்ட் போய்விட்டால் பதற வேண்டாம். சிஸ்டம் வந்ததும் டிபிகேஜியிடம் 'கான்ஃபிகர்' என்று சொல்லிச் சின்ன ஏ சேர்த்துக் கொடு, பாதியில் நின்ற பேக்கேஜ்களை அமைத்து முடிக்கும். பள்ளி லேபில் பத்து இருபது பெட்டிக்கு ஒரே பட்டியல் என்றால், ஒவ்வொன்றிலும் தனியாக இறக்கி நெட்டைத் தின்னவிடாதே. 'ஆப்ட்-கேஷர்-என்ஜி' ஒரு பெட்டியில் ஓடினால், முதல் முறை இறங்கியது அங்கேயே தங்கி மற்றவற்றுக்கும் கிடைக்கும்.

12. உரிமம் உள்ளவற்றை அழிப்பதற்கு முன் கேள்.

கடைக்காரர் என்றால் டேலி இருக்கும். பழைய பெட்டியில் லைசென்ஸை 'சரண்டர்' செய்த பிறகே புதுசில் ஆக்டிவேட் செய்வது முறை. பழையதை முதலில் ஃபார்மேட் செய்துவிட்டால் அலைச்சல். ஜிஎஸ்டிக்கும் டெண்டருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவருக்கு அதன் டிரைவர் வேண்டும். சில தமிழ் டிடிபி சாஃப்ட்வேர்களுக்கு டாங்கிள் உண்டு. அது பழைய சிபியுவின் பின்பக்கம் செருகியபடியே காயலான் கடைக்குப் போய்விடக் கூடாது. சாவி இல்லாத திருட்டுப் பிரதி இருந்தால், அதற்கு ஈடான கட்டற்ற மென்பொருளைக் காட்டு. திருட்டுப் பிரதியைப் புதுசில் போட்டுத் தருவது நம் வேலையல்ல.

13. ஆட்சி மாறிய அன்றே பழைய கோப்பை எரிக்காதே.

1954 நவம்பர் 1-இல் புதுச்சேரியின் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி இணைப்பு முடிந்தது 1962 ஆகஸ்டு 16-இல். இடையில் ஏறக்குறைய எட்டு ஆண்டு. நமக்கு எட்டு ஆண்டு வேண்டாம், ஒரு மாதக் கணக்கு முடியும்வரை பழைய பெட்டி இருக்கட்டும். புதுசில் சாஃப்ட்வேர் திறக்கிறதா என்று பார்ப்பது சோதனை ஆகாது. வாடிக்கையாளரை உட்கார வைத்து அவருடைய வேலையைச் செய்யச் சொல்: ஒரு பில் அடிக்கட்டும், பழைய கடிதம் ஒன்றைத் திறக்கட்டும், தமிழில் இரண்டு வரி தட்டட்டும், ஸ்கேன் எடுக்கட்டும். மாதக் கடைசியில் மட்டும் செய்யும் வேலை ஏதாவது உண்டா என்றும் கேள். அதுவும் முடிந்த பிறகு பழைய டிஸ்க்கை முறையாக அழித்துக் கொடு.

14. தெரியாததைக் கேட்க ஆள் இருக்கிறார்கள்.

டெபியனை இயன் மர்டாக் அறிவித்தது 1993 ஆகஸ்டு 16-இல். நம் சட்டப்பூர்வ இணைப்பு நாளும் டெபியன் பிறந்தநாளும் ஒன்றே என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. அன்றிலிருந்து அதைக் கட்டிக்காப்பவர்கள் தன்னார்வலர்கள். அந்தப் பழக்கம் இந்தப் பக்கமும் உண்டு. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது, பக்கத்து விழுப்புரத்தில் ஜிஎன்யு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. 2023 ஜனவரியில் தமிழ்நாட்டு மினி டெப்கான்ஃப் நடந்ததே விழுப்புரத்தில்தான். போய் உட்கார், கேள். கேட்கும்போது பிழைச்செய்தியை முழுசாகக் கொண்டுபோ. "வேலை செய்யல அண்ணா" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது.

15. வேலை முடிந்ததும் பட்டியலை உரிமையாளரிடம் கொடு.

இறுதிப் பட்டியல், சேர்த்த களஞ்சியங்கள், கையால் போட்டவை, விசைப்பலகை, எழுத்துரு, லைசென்ஸ் விவரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்செடுத்து, தேதி போட்டு அவர் கையில் கொடு. நம் கடையிலேயே வைத்துக்கொண்டால் அவர் நம்மிடம்தானே திரும்பி வருவார் என்று சிலர் சொல்லித்தருவார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதே. பேக்கேஜ் மேனேஜர் தன் பங்குக்கு ஆயிரம் கோப்புகளைக் கொண்டுவந்து வைக்கும். அந்த மனிதர் எதை வைத்து என்ன செய்கிறார் என்று அதற்குத் தெரியாது. அதைக் கேட்டு எழுதியதுதான் நீ செய்த வேலை, கூலி வாங்குவதும் அதற்குத்தான். கூலி கொடுத்துவிட்டார் என்றால் அந்தத் தாள் அவருடையது. அடுத்த சிஸ்டத்தை வேறு எந்தக் கடையில் மாற்றினாலும், அங்கிருக்கும் பையன் அதை வைத்து ஒரு மதியத்தில் வேலையை முடிக்கும்படி எழுதிக் கொடு.